ரம்ப முகட்டில் இரண்டு பேர்

செல்போன், பர்ஸ், வீட்டுச் சாவி மூன்றையும் ஃபிரிட்ஜ் மேல் வரிசையாக வைத்துவிட்டு, அவர் வாசற்படியில் உட்கார்ந்து பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள். வாய் நிறைய நுரை. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஒரு காலை முடித்து அடுத்த காலுக்குப் போயிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மலைக்கு."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா," என்றார், அவள் கேட்டதற்கு அதுதான் பதில் என்பது போல.

எந்த மலை என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு மலைத்தொடர். அதன் உச்சியில் இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாறை முகடு ஒன்று ஓடுகிறது. பல் பல்லாக நிற்கும் பாறைகளைப் பார்த்து மலையேறுகிறவர்கள் அதற்கு ரம்பம் என்று பேர் வைத்துவிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவரும் அவரோடு வேலை பார்த்த பாட்டுக்காரரும் அங்கே போய்வருவார்கள். திரும்பி வந்ததும் முட்டியில் களிம்பைத் தேய்த்துக்கொண்டு இரண்டு பேரும் அளக்கிற அளப்பு கொஞ்சநஞ்சமில்லை. "ரம்பத்துக்குப் போய்ட்டு வந்து எங்கிட்ட ரம்பம் போடுறீங்களே" என்று அவள் சொல்வாள். அதெல்லாம் போன வருஷத்துப் பேச்சு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் அதே கம்பெனி. பாட்டுக்காரர் என்பது அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜோடிக்கு வேலையிடத்தில் வைத்த பேர். லிஃப்ட் ஏறி இறங்கும் நெட்டுக்குத்தான குழிக்குள் நின்று பாடினால் குரல் கணீரென்று எதிரொலிக்குமாம். அதனால் அந்த மனிதர் வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தில் இரண்டு பேரும் கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில். பாட்டுக்காரர் நாலாம் மாடியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. லிஃப்ட் பெட்டி தன் மாடியில் நிற்கிறது என்ற நினைப்பில் அவர் காலை எடுத்து வைத்தார். பெட்டி ஆறாம் மாடியில் இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அதை மேலே ஏற்றியது இவர். ஏற்றச் சொன்னது பாட்டுக்காரர்தான். சொன்னதை அவரே மறந்துபோயிருக்க வேண்டும். விசாரணை நடந்தது. யார் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர் "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அழுவார், கத்துவார், எதையாவது போட்டு உடைப்பார் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடுங்க என்றால் சாப்பிட்டார், குளிங்க என்றால் குளித்தார். கம்பெனி அவரைப் புகார் எடுக்கும் டெலிபோன் மேஜையில் போட்டது. ஒரு வாரம் போனார். போன் மணி அடிக்க அடிக்க, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்மா" என்று மேனேஜர் அவளிடம் சொன்னார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியூரில் படிக்கும் மகள் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டு, "அப்பா எப்படி இருக்காரு?" என்பாள். "இருக்காரு" என்பாள் இவள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

அவள் பல்செட் செய்கிற கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். வாய்க்குள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து பிளாஸ்டர் மாவில் அச்சு வார்த்து, மெழுகில் பல் கட்டி, தேய்த்து, நிறம் பார்த்து முடித்துக் கொடுக்க வேண்டும். யாருடைய வாய் என்று கடைசிவரை தெரியாது. இந்த நாலு மாதத்தில் ஒரு பல்கூடத் தப்பாகத் திரும்பி வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம். விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன. அவள் எங்கோ தள்ளி நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல அதைப் பார்த்தாள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. சவர பிளேடு பாக்கெட்டையும் மாத்திரை டப்பாவையும் ஒருநாள் தன் கைப்பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று தன்னிடம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருந்த மூன்று பொருள்களையும் பார்த்தாள். சாவியைக்கூட வைத்துவிட்டார்.

"இருங்க. நானும் வரேன்."

அவர் நிமிர்ந்தார். "ஸ்டூல் மேல ஏறினாலே உனக்குத் தல சுத்தும்."

"சுத்தட்டும். விழுந்தா புடிக்க நீங்க இருக்கீங்கல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. குனிந்து மிச்ச லேஸை இழுத்துக் கட்டினார்.

ஸ்டூல் விஷயம் பொய்யில்லை. அவளுக்காகத்தான் தரைத்தளத்தில் வீடு பார்த்தார்கள். லிஃப்ட்காரன் பெண்டாட்டி மூணாம் மாடி பால்கனியில் நிற்க மாட்டாள் என்று கம்பெனியில் பெரிய கேலி. உயரத்தைப் பார்த்தால் அவளுக்கு முதலில் உள்ளங்கால் கூசும். அப்புறம் முழங்கால் கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் தரையில் உட்கார்ந்துவிடுவாள், புடவையோ சுடிதாரோ, சேறோ சகதியோ.

கூடத்து முதலாளிக்குப் போன் போட்டாள். "நாலு பல்லு பிரிட்ஜ் இன்னைக்குப் போயாகணும்மா. கஸ்டமருக்கு நாளைக்குக் கல்யாண ரிசப்ஷன்" என்றார் அவர்.

"வாயை மூடிக்கிட்டு போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

மகள் விட்டுப்போன டிராக் பேன்ட், தான் வேலைக்குப் போட்டுப்போகும் ரப்பர் அடி ஷூ, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பன். அவ்வளவுதான் ஏற்பாடு. பஸ் நிலையத்து டிக்கெட் ஜன்னலில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டி, "ஒண்ணு. போக மட்டும்" என்றார். அவள் பக்கத்தில் நிற்பது மறந்துபோய்ச் சொன்னாரா, முதலிலேயே வாயில் தயாராக இருந்ததா, தெரியவில்லை. அவள் அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்து, "ரெண்டு. போக வர" என்றாள்.

இரண்டு மணி நேரமும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கறை போகாத நகக்கண்கள் நாலு மாதத்தில் வெளுத்துச் சுத்தமாகிவிட்டிருந்தன.

இறங்கிய இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் மரங்களுக்குள் ஏற்றம். அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். மரங்கள் ஒரு கோடு போட்டது போல நின்றுபோய், புல்லும் கல்லுமான திறந்தவெளி வந்தது. அங்கிருந்து முதல் சிகரம். சிகரம் என்று சொன்னால் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. கல்லைக் குவித்து வைத்த ஒரு மேடு. அதில் ஏறி நின்றதும் எதிரே ரம்பம் தெரிந்தது.

அவர் கதை அளந்தபோதெல்லாம் அவள் அதை ஒரு மதில் சுவர் அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இது மதில் சுவரை யாரோ கோடாலியால் கொத்திவிட்டது போல இருந்தது. இடது பக்கம் பாறை நேராகக் கீழே போய், எங்கோ அடியில் ஒரு ஏரியில் முடிந்தது. ஏரி கைக்குட்டை அளவு. வலது பக்கம் அவ்வளவு செங்குத்து இல்லை. ஆனால் சரிந்து கிடந்த கற்களைப் பார்த்தால், ஒரு தடவை உருள ஆரம்பித்தால் நடுவில் நிற்கிற வேலையே இல்லை என்று புரிந்தது. அந்தப் பக்கத்துச் சிகரம் வரை முக்கால் கிலோமீட்டர் இருக்கும்.

உள்ளங்கால் கூசியது.

"நீ இங்க இரு," என்றார். "நான் போய்ட்டு வரேன்."

"இல்ல."

"உன்னால முடியாது."

"முடியலன்னா சொல்றேன். போங்க."

அவர் போனார். அவள் பின்னால் போனாள்.

முதல் கொஞ்ச தூரம் கட்டில் அகலம் இருந்தது. அவர் பூட்ஸின் பின்பக்கத்தையே பார்த்து நடந்தாள். வேறு எங்கே பார்த்தாலும் பூமி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு பெஞ்சு அகலம். காற்று இடது காதில் நிற்காமல் அடித்தது. அங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், கல்லூரி வயசு, முதுகில் பை. ஒதுங்க இடம் இல்லாததால் அவள் பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் அவளைத் தாண்டிக் காலை எடுத்து வைத்துப் போனார்கள்.

"சூப்பர் ஆன்ட்டி. கஷ்டமானது இனிமேதான், ஆனா சின்னதுதான்," என்றாள் அதில் ஒரு பெண்.

ஆறுதல் சொல்கிறாளாம். அவள் பாறையில் கன்னத்தை வைத்தபடியே தலையாட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இருபது அடி தள்ளிப் போயிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

பெஞ்சு அகலமும் முடிந்தது. அதற்கு மேல் நடக்கிற இடம் இல்லை. கையும் காலும் சேர்ந்துதான் போக வேண்டும். முதல் பல், ஏறி இறங்கினாள். இரண்டாவது பல்லை ஒரு குதிரை மேல் உட்கார்வது போல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து கடந்தாள். அழகாக இருந்திருக்காது. பார்க்க யாரும் இல்லை. மூன்றாவது பல்லின் மேல் வந்தபோது வழி நின்றுபோனது. பாறை ஓர் ஆள் உயரத்துக்கு நேராகக் கீழே வெட்டி இறங்கியது. அடியில் ஒரு தட்டு, சாப்பாட்டு மேஜை அளவு. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

அவர் அதில் எப்போதோ இறங்கி அப்பால் போயிருந்தார். அவள் இரண்டு உள்ளங்கையையும் பாறையில் ஒட்டவைத்தாள். அவை அங்கேயே ஒட்டிக்கொண்டன. இடது கால் தானாக நடுங்க ஆரம்பித்தது, தையல் மிஷின் ஊசி போல. நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. ராத்திரி வரைக்கும் இப்படியே இருந்து, அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்தாள். யோசனையும் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

தட்டைத் தாண்டி இன்னொரு மேடு, அதற்கப்பால் ஏரிப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு பலகைக்கல். அவர் அதன் நுனியில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. பூட்ஸின் முன்பாதி கல்லுக்கு வெளியே இருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பஸ் வருகிறதா என்று பார்ப்பாரே, அப்படி.

கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாரே என்று மூடிக்கொண்டாள். காற்று அவருடைய சட்டையைப் புடைக்க வைத்து, விட்டது. மறுபடி புடைக்க வைத்தது.

அவள் திரும்பிப் பாறையைப் பார்த்துக் குப்புறப் படுத்தாள். வயிற்றை வைத்துத் தேய்ந்துகொண்டே காலைக் கீழே விட்டாள். கால் காற்றில் துழாவியது. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினாள். இப்போது உடம்பு முழுக்க விரல்களில்தான் தொங்கியது. விரல் நுனியில் தட்டுப்பட்ட ஒரு விளிம்பு கடைவாய்ப்பல்லின் மேடு போல வழவழப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவியதில் கூரான ஒரு பிளவு கிடைத்தது. அதற்குள் நாலு விரலையும் செருகினாள். பிடித்தது. வலது கால் பெருவிரல் எதையோ தொட்டது. அது எவ்வளவு பெரிது, தாங்குமா என்றெல்லாம் கேட்க நேரமில்லை. அதன் மேல் நின்றாள். டிராக் பேன்ட் தொடையில் கிழிந்தது. அப்புறம் சறுக்கித் தட்டில் விழுந்தாள், முட்டி முதலில்.

பயம் போகவில்லை. பயம் அப்படியே இருந்தது, மார்பில் யாரோ முட்டியை ஊன்றியது போல. ஆனால் அதை வைத்துக்கொண்டே கை ஒன்று, கால் ஒன்று என்று நகர முடிந்தது. இது முடியும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தட்டைக் கடந்தாள். மேட்டில் ஏறினாள். ஏரி இடது பக்கம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். பலகைக்கல் வந்தது. அதன் மேல் எழுந்து நிற்க அவளால் ஆகாது. உட்கார்ந்தபடியே நகர்ந்து, அவருடைய காலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள்.

கட்டிப்பிடிக்கவில்லை. இழுக்கவும் இல்லை. அவருடைய வலது பூட்ஸ் லேஸைப் பிடித்தாள்.

"லேஸ் அவுந்திருக்கு," என்றாள்.

அவர் மெதுவாகக் குனிந்து பார்த்தார். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. அவளே அவிழ்த்து, இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ மூன்று தடவை ஆனது. பிறகு இடது பூட்ஸ். முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நீ எப்படி வந்த?"

"உக்காந்து உக்காந்துதான். கொஞ்சம் பின்னால வாங்க. எனக்கு மேல பாத்தா கண்ணு இருட்டுது."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய கை இப்போது அவர் கணுக்காலில் இருந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

ஒரு பறவை அவர்களுக்குக் கீழே பறந்துபோனது. அதன் முதுகைப் பார்த்தாள். பறவையின் முதுகை அதுவரை பார்த்ததில்லை.

"தெரியல," என்றார். "இங்க வந்து நின்னா ஏதாவது தோணுமான்னு பாத்தேன். பயமோ, எதுவோ. முன்னெல்லாம் இந்த எடத்துல பயந்து உக்காந்துருவேன். அவன் பின்னால நின்னு சிரிப்பான்."

"தோணுச்சா?"

"இல்ல."

"எனக்கு ரெண்டு பேருக்கும் சேத்துத் தோணுது," என்றாள்.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தார், ஏரியைப் பார்த்துக்கொண்டே, மெஷின் பழுதைப் பற்றி ரிப்போர்ட் சொல்லும் குரலில்.

"அன்னைக்கு அவன் பாடிக்கிட்டே இருந்தான். நான் மேல மோட்டார் ரூம்ல இருக்கேன், குழி வழியா மேல கேக்குது. ஒரு வரி பாதியில நின்னுச்சு. கத்தல, ஒண்ணும் இல்ல. சரி, ஏதோ திருகாணியை வாயில வெச்சிருக்கான்னு நெனச்சேன். மீதி வரி வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு நேரம்னு விசாரணையில கேட்டாங்க. ஒரு நிமிஷம்னு சொன்னேன். அதுக்கு மேல இருக்கும். நான் பாட்டுக்குக் கைய தொடச்சிக்கிட்டு, மீதி வரி வரட்டும்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

"அந்த நேரத்துல போயிருந்தா..."

"இல்ல. விழுந்த உடனே முடிஞ்சுபோச்சுன்னாங்க. போயிருந்தாலும் ஒண்ணுமில்ல. ஆனா இன்னும் அப்படியேதான் நின்னுக்கிட்டிருக்கேன்," என்றார்.

அவள் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கணுக்காலைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. கல் சில்லிட்டது. கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான். ஒரு மணி நேரமா அடக்கிக்கிட்டிருக்கேன். இந்தப் பக்கம் போகவும் முடியாது, அந்தப் பக்கம் போகவும் முடியாது. என்ன பண்ணப் போறீங்கன்னு நீங்கதான் சொல்லணும். கூட்டிட்டு வந்தது நீங்க."

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்?"

"சரி, வந்துட்டேன். இப்ப சொல்லுங்க."

அவர் முகட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். அளவெடுப்பது போல, வேலைக்காரப் பார்வை. "திரும்பிப் போறதுதான் கஷ்டம். அந்த எறக்கத்துல நீ ஏற மாட்ட. முன்னால போலாம். இன்னும் அஞ்சு பல்லு. ரெண்டு மோசம்." எழுந்தார். "நான் சொல்றதை மட்டும் கேளு. மூணு புடி எப்பவும் கல்லுல இருக்கணும். ஒண்ணுதான் நகரணும். கையை எடுத்தா காலை எடுக்காத."

"சரி."

"கண்ணை மூடாத."

"சரிங்கிறேன்ல."

அவர் முன்னால் இறங்கி, திரும்பி நின்று, அவள் கால் வைக்க வேண்டிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். "இடது கால். கீழ. இன்னும் நாலு விரக்கடை. அங்கதான், விடு." அவள் விட்டாள். சில இடங்களில் அவளுடைய குதிகாலைப் பிடித்து, பொருளை அலமாரியில் வைப்பது போலப் பிளவில் வைத்தார். "இப்ப வலது கை. அந்தக் கல்லு ஆடும், அதைத் தொடாத. அடுத்தது." அவசரம் இல்லாத, தட்டையான குரல். இருபத்தாறு வருஷம் குழிக்குள் நின்று ஜோடியிடம் பேசிய குரல் இதுதான் போல. வீட்டில் அவள் அதைக் கேட்டதில்லை.

மோசம் என்று சொன்ன முதல் பல்லில் அவள் ஐந்து நிமிஷம் நின்றாள். ஒரு மீட்டர் நீளத்துக்கு முகடு கத்தி போல இருந்தது. மேலே உட்காரவும் முடியாது. விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, ஏரிப்பக்கச் சுவரில் கால் வைத்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். இடது கால் மறுபடி தையல் மிஷின் ஓட்டியது.

"ஆடுது," என்றாள்.

"ஆடட்டும். அது பாட்டுக்கு ஆடும். குதிகாலைக் கொஞ்சம் கீழ எறக்கு, நின்னுரும்."

இறக்கினாள். நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. கையை நகர்த்தினாள். காலை நகர்த்தினாள். காற்று முதுகில் இருந்தது. அவளுக்கும் ஏரிக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்று தெரிந்தது; தெரிந்துகொண்டே இன்னொரு கையை நகர்த்தினாள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கை வியர்த்திருந்தது. அவளுடையதா, அவருடையதா என்று தெரியவில்லை.

"உங்க கை வேர்த்திருக்கு," என்றாள்.

அவர் தன் கையைப் பார்த்தார். பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

மிச்சம் எப்படிப் போனது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. இரண்டாவது மோசமான பல் எது என்றுகூடத் தெரியவில்லை. தாண்டிய பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெஞ்சு அகலம் வந்தது, கட்டில் அகலம் வந்தது, அப்புறம் புல். இரண்டாவது சிகரத்தில் அவள் நிற்கவே இல்லை. நேராகக் கீழே இறங்கி, முதல் புதருக்குப் பின்னால் போனாள். அங்கே குந்தியிருக்கும்போதுதான் உடம்பு முழுக்க உதறல் எடுத்தது. பல் கிட்டித்தது. அது தானாக அடங்கும்வரை புதரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எழுந்து வந்தாள். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு பன்னில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். யாரும் சாப்பிடச் சொல்லியிருக்கவில்லை.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் உள்ள வருவேன்," என்றாள்.

"எதுக்கு?"

"நுனியில நின்னதைச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்."

அவர் ரோட்டைப் பார்த்தார். "விழணும்னு நெனச்சு நிக்கல."

"விழக் கூடாதுன்னு நெனச்சு நின்னீங்களா?"

"அதுவும் இல்ல," என்றார்.

"அதைத்தான் சொல்லணும்."

"சரி."

பஸ் வந்தது. ஏறின உடனே அவர் தூங்கிப்போனார், தலை ஜன்னலில் இடித்துக்கொண்டே வந்தது. அவள் தன் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளங்கையில் தோல் கிழிந்த இடங்கள் எரிந்தன. எரிகிறது என்று தெரிந்தது. அதைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது அவளுக்குத் தொடை இரண்டும் மரக்கட்டை. அவருக்கும் அப்படித்தான், நாலு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால்கள். டாக்டர் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருந்தது, அவர் அதன் பக்கம் திரும்பவில்லை, அவள் கேட்கவும் இல்லை. படியேறினார்கள்.

டாக்டர் வழக்கம் போல, "தூக்கம் வருதா, பசிக்குதா?" என்று ஆரம்பித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நேத்து ஒரு மலையோரத்துல நின்னேன். பூட்ஸ் பாதி வெளிய இருந்துச்சு. குதிக்கலாம்னும் தோணல, வேணாம்னும் தோணல. இவ வந்தா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். பாதியில் நின்ற பாட்டின் மீதி வரியைப் பற்றியும் அவர் சொன்னார். மலையில் சொன்ன அதே குரலில், ஒரு சொல் கூடாமல் குறையாமல். மாத்திரை மாறியது. வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொன்னார்கள். அவளும் வர வேண்டுமாம், தனியாக ஒரு நாள். "எனக்கென்ன?" என்று கேட்டாள். "உங்களுக்கு எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?" என்றார் டாக்டர். அவள் யோசித்துப் பார்த்தாள். கேட்டதாக ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியவில்லை. திங்கள்கிழமை வருகிறேன் என்றாள்.

இறங்குகிற படியில்தான் வினை. ஏறும்போது தெரியாத தொடைவலி இறங்கும்போது உயிரை வாங்கியது. இரண்டு பேரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில், ஒரு படிக்கு ஒரு நிமிஷம் என்று இறங்கினார்கள். கீழிருந்து ஏறி வந்த ஒரு பெண் அவர்களைப் பார்த்து ஒதுங்கி நின்று, "மெதுவா வாங்க, அவசரமே இல்ல," என்றாள்.

"ஏதாவது விபத்தா?" என்று அந்தப் பெண் இவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்ல, மலைக்குப் போய்ட்டு வந்தோம்," என்றாள் இவள்.

அவர் இரண்டு படி கீழே நின்று, அடுத்த கால் எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வரும்வரை அங்கேயே நின்றார்.